கூவாமல் இருந்த காலை

கண்ணு,

இந்தக் காகிதத்தைப் பார்த்ததும் யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று மடித்து வைத்துவிடாதே. எழுதுவது உன் அப்பன்தான். எழுத்துகள் கோட்டின் மேல் உட்காராமல் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடக்கும். சிலது பெருத்திருக்கும், சிலது இளைத்திருக்கும். பொறுத்துக்கொண்டு படி. இந்தக் கோணலுக்கெல்லாம் என் விரல் மட்டும் காரணம் இல்லை. முறத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் காகிதத்தை வைத்திருக்கிறேன். இடது கையில் பிஸ்கட்டின் கயிறு இருக்கிறது. அவன் தூக்கத்தில் ஒரு முன்னங்காலை இழுத்தால் என் பேனாவும் கூடவே இழுபடுகிறது. நான் ஒரு வரி முடிப்பதற்குள் உன் அம்மா ஊற்றுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து இறக்கிவிடுகிறாள். இறக்கி வைத்துவிட்டு, "இன்னும் அந்த வரியிலயே நிக்கறீங்களா" என்று கேட்டுவிட்டு அடுத்த குடத்துக்குப் போகிறாள்.

உலகத்தில் இத்தனை வருஷம் இருந்து நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற பெரியவர்கள் வகுப்புக்கு நான் போய்க்கொண்டிருந்ததை உன் அம்மா கேலியாகச் சொல்லியிருப்பாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கிற டீச்சரம்மா சொல்லிக்கொடுக்கிறார். அவர் பேச்சு எங்களுக்குப் பாதி விளங்காது, எங்கள் பேச்சு அவருக்குப் பாதி விளங்காது. கரும்பலகையில் எழுதினால் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக விளங்குகிறது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருக்கிறது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயரை இப்போது யாரிடமும் கேட்காமல் படித்துவிடுவேன். பிஸ்கட் வருவதற்கு முன்பு ஒரு நாள், 'வாசலூர்பட்டி' என்று முழுசாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் அந்த பஸ்ஸில் ஏறிப் போனேன். ஏரியில் படகு போகிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது. நீயும் சொல்லாதே.

அப்படிப்பட்ட ஆள் இப்போது பயந்துகொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பிஸ்கட் உயிரோடு இருக்கிறான். அவன் மூச்சு என் முழங்காலில் சூடாகப் படுகிறது. இதை இரண்டு தரம் படித்துவிட்டு மற்றதைப் படி. ஏனென்றால் உன்னிடம் போனில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே அந்தப் பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். அங்கே நின்று கத்திச் சொல்கிற விஷயம் இல்லை இது. கத்தினாலும் என் தொண்டை அதைச் சொல்லியிருக்காது. பேனாவுக்குத்தான் அந்தத் தைரியம் வருகிறது.

நீ அவனைக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ வேலை பார்க்கிற நாய்க் காப்பகத்து வண்டி மலை ஏறுவதற்குள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, துவண்ட துணியாக அவனை நீ இறக்கினாய். பிஸ்கட் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. சேலத்தில் ஏதோ லாரிப் பட்டறைக்குப் பின்னால் கிடந்தவன் என்றாய். நெஞ்சுக்குள் ரத்தம் போகிற குழாயில் நூல் நூலாகப் புழு இருக்கிறது, கொசு கடித்து வந்தது, முதல் ஊசி போட்டாயிற்று என்றாய். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கொசு கடிச்சு நெஞ்சுல புழுவா? என்னையக் கடிக்காத கொசுவா சாமி. எனக்குள்ள எத்தன நெளியுதோ" என்றாள். மனுஷருக்கு அப்படி ஆகாது என்று நீ எத்தனை சொல்லியும் அன்று முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஊட்டுக்குள்ள எதுக்குக் கண்ணு நாயி? வெளிய கட்டுனா என்ன கொறஞ்சு போச்சு?" என்று ஆரம்பித்தாள். "வெளிய கட்டுனா கோழியப் பாத்து எந்திரிப்பாம்மா. எந்திரிக்கக் கூடாது" என்றாய் நீ. "கோழியப் பாத்து எந்திரிக்காத நாயி எதுக்கு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நீ என்னைத் தனியாக மிளகுக் கொடிப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஊசி மருந்து புழுவைக் கொல்கிறது. செத்த புழு உள்ளேயே துண்டு துண்டாகக் கிடக்கிறது. அது மெல்ல மெல்லக் கரைய வேண்டும். அதற்குள் அவன் ஓடினாலோ குதித்தாலோ ரத்தம் வேகம் எடுத்துத் துண்டை அடித்துக்கொண்டு போய் நுரையீரலில் அடைத்துவிடும், அந்த இடத்திலேயே போய்விடுவான் என்றாய். காப்பகத்தில் ஒரு நாய் குரைத்தால் எல்லா நாயும் குரைக்கும், இவனும் எழுந்து எழுந்து நிற்பான், நம் வீடுதான் சத்தமில்லாத இடம் என்றாய். "அப்பா, அவனுக்கு ஒடம்பு நல்லா ஆவ ஆவத்தான் உங்களுக்கு வேல ஜாஸ்தி. தெம்பு வந்துட்டா ஓடப் பாப்பான்" என்று சொல்லிவிட்டு அதே வண்டியில் மலை இறங்கிப் போய், அங்கிருந்து பயிற்சிக்குச் சென்னைக்குப் போய்விட்டாய். எனக்குப் புழுவைவிட அந்தத் தெம்பு பெரிய பயமாகப் பிடித்துக்கொண்டது. டீச்சரம்மா 'ழு' எழுதச் சொல்லிக்கொடுத்தபோது அது சுருண்டு வால் தொங்கிக்கொண்டு புழுவாகவே தெரிந்தது. அந்த ஒரு எழுத்தை மட்டும் நான் வேகமாக எழுதிவிட்டுத் தள்ளிப் போவேன். நீயே பார், இந்தக் கடிதத்திலும் எல்லா 'ழு'வும் சின்னதாகத்தான் இருக்கும்.

நான் உன்னை வளர்த்தபோதுகூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. காட்டிலிருந்து நான் வீட்டுக்கு வருவது தெரிந்தால் நீ கொண்டுவந்து வைத்த கூண்டுக்குள் அவன் வால் ஆடும். வாலோடு இடுப்பு ஆடும், இடுப்போடு முன்னங்கால் எழும்பும். அதனால் முன்வாசலில் வருவதை விட்டுவிட்டேன். பின்பக்கமாக வந்து, செருப்பைப் புளியமரத்தடியில் கழற்றிவிட்டு, திருடன் மாதிரி அடுப்படி வழியாக நுழைவேன். அவன் முகத்தைப் பார்க்காமல், ஏதோ வேலையாக வந்தவன் மாதிரி கூண்டுக்குப் பக்கத்தில் உட்காருவேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை உள்ளே விடுவேன். ஒருவனுக்கு என்மேல் இத்தனை பிரியம் இருந்து அதை நான் கண்டும் காணாத மாதிரி இருக்க வேண்டியிருந்தது. வாலாட்டாதே சாமி, வாலாட்டாதே சாமி என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் பேச்சே காதோடு காதாக ஆகிவிட்டது. பக்கத்துக் காட்டுச் சடையன் மாமன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மச்சான், நாய்க்குக் கட்டலு எப்ப வாங்கறீங்க? நீங்க படிக்கப் போறதே அதுக்குப் பேப்பரு படிச்சுக் காட்டத்தான்னு ஊருக்குள்ள பேச்சு" என்று சத்தமாகச் சிரித்தான். சிரிப்புச் சத்தத்துக்கே பிஸ்கட் எழுந்து நின்றுவிட்டான். உன் அம்மா சடையனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம், உன் அம்மாதான். அவள் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தும் எப்போது மாறினாள் என்று பிடிக்க முடியவில்லை. மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கழுவி வைத்த மாதிரி துப்பிவிட்டான். களி உருண்டையில் வைத்தேன், அதையும் கண்டுபிடித்தான். அவள் பொறுக்காமல் அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் மாத்திரையை வைத்து அழுத்தி, முதலில் மாத்திரை இல்லாத ஓர் உருண்டை, அது போன கையோடு மாத்திரை உருண்டை, அதன் பின்னாலேயே இன்னொரு வெறும் உருண்டை என்று கொடுத்தாள். மூன்றாவதின் ஆசையில் இரண்டாவதை அப்படியே விழுங்கினான். "உங்க மக சின்னதுல கசாயம் குடிச்சதும் இப்புடித்தான்" என்றாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. முதலில் 'அது' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அப்போதிருந்து 'அவன்' என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆனால் பெயர் மட்டும் அவளுக்கு ஒப்பவில்லை. தின்கிற பண்டத்தின் பெயரை யாராவது வைப்பார்களா என்று இன்னும் கேட்கிறாள்.

இனித்தான் நான் எழுதப் பயப்படுகிற இடம். பலா பழுக்கும்வரை குரங்குகள் நம் பக்கம் வருவதில்லை. இந்த வருஷம் மேட்டுப் பலா முதலில் பழுத்துவிட்டது. நம் கூவலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் எழுத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, எழுதுகிறேன். குரங்குக் கூட்டத்தை முதலில் கண்ட வீட்டுக்காரர் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு கூவல் கொடுப்பார். கேட்ட ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் காட்டிலிருந்து பதில் கூவ வேண்டும். சரிவு சரிவாகச் சத்தம் சுற்றி வளைத்துக்கொண்டு வர, குரங்குகளுக்கு எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் சோலைக்குள் ஏறிவிடும். எந்த வீட்டிலிருந்து பதில் வரவில்லையோ அந்த வீட்டில் பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். துக்க வீட்டில் கூவ மாட்டார்கள். பதில் வராத பக்கத்துக்கு மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். என் அப்பன் காலத்திலும் அப்படித்தான்.

அன்று முற்பகலில் நான் காட்டு ஓரத்தில் மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா ஊற்றுக்குப் போயிருந்தாள். கீழ்ச் சரிவிலிருந்து சடையன் கூவினான். மேலே ஒரு வீடு பதில் கூவியது. எதிர்க் கரட்டுக் குன்றிலிருந்து கூவினார்கள். அடுத்தது என் முறை. நான் வாயைத் திறக்கவில்லை. சத்தம் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும் கண்ணு. மறந்துபோய்ச் செய்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய், ஆனால் அது பொய். நான் யோசித்துத்தான் செய்தேன். என் முறை வந்து, என் சரிவு மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. மலை முழுக்க என் பதிலுக்காக நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளே நெஞ்சில் செத்த புழுவோடு ஓர் உயிர் படுத்திருக்கிறது, நான் கூவாமல் இருந்தால் என் வீட்டில் சாவு என்று நானே எல்லோருக்கும் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? சொன்னால் நடந்துவிடாதா? அந்தப் பயம் நீ சொன்ன பயத்தைவிட அந்த நொடியில் பெரிதாக வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று சாவுக்கே கேட்கட்டும் என்கிற மாதிரி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூவிவிட்டேன்.

அவன் வந்ததிலிருந்து என் குரலைக் காதோரப் பேச்சாகத்தான் கேட்டிருக்கிறான். நான் கத்தியதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். கூண்டுக் கதவுக்கு நான் மூங்கில் குச்சிதான் செருகி வைத்திருந்தேன். குச்சி ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது மரவள்ளி வரிசைக்கு நடுவே அவன் வந்துகொண்டிருந்தான். நான் நாய்கள் ஓடுவதை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அப்படி ஓர் அழகான ஓட்டத்தைப் பார்த்ததில்லை. காது இரண்டும் பின்னால் படிந்து, முதுகு வளைந்து நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்து வந்தான். குரங்கு இருந்த மேட்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் காலில் வந்து இடித்து, என்னை முகர்ந்து, எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வாலாட்டினான். வாலாட்டிக்கொண்டே முன்னங்கால் இரண்டும் அகன்று, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். இருமினான். வாயோரத்தில் நுரை வந்தது, அதில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. நாக்கு நாவல்பழம் தின்ற நாக்காகிவிட்டது. நான் கத்தவும் முடியாமல் ஓடவும் முடியாமல் மண்டியிட்டு, அவன் தலைக்குக் கீழே என் துண்டை வைத்தேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊற்றிலிருந்து திரும்பிய உன் அம்மா போய்ச் சொல்ல, சடையன்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தான். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று கேட்டேன். "வேணாங்க ஐயா, இத்தனை வளைவுல குலுங்குனா இன்னும் மோசம். இருக்குற எடத்துலயே பாப்போம்" என்றார். உங்கள் காப்பகத்து டாக்டரிடம் போனில் கேட்டு வந்ததாகச் சொல்லி ஓர் ஊசி போட்டார், இன்னொன்று போட்டார். நான்கு பேர் போர்வையின் நான்கு முனையைப் பிடித்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்குகிற மாதிரி அவனை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். "இனிமே நாம செய்யறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லைங்க. அவன் பயப்படாம இருக்கணும். நீங்க பயந்தா அவனுக்குத் தெரிஞ்சுரும்" என்றார் டாக்டர். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. என் மூச்சு எகிறிக்கொண்டிருந்தது. அதை அடக்க வழி தெரியாமல், வகுப்பில் சொல்கிற மாதிரி அ, ஆ, இ, ஈ என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு. ஔ வரை போய் மறுபடி அ-வுக்கு வந்தேன். எத்தனை தரம் போய் வந்தேன் என்று தெரியாது. வெளியே மழை பிடித்து, ஓட்டில் விழுந்து, ஓய்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் நாக்கில் கொஞ்சம் இளஞ்சிவப்பு திரும்பியிருந்தது. உன் அம்மா விரலில் தண்ணீரைத் தொட்டு அவன் உதட்டில் வைத்தாள். நக்கினான். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "கூவுனீங்களே" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன், என் பிள்ளையிடம் நானே சொல்கிறேன், நீங்கள் யாரும் சொல்ல வேண்டாம் என்று. அடுத்த முறை நீ பேசியபோது பாறை மேல் நின்றுகொண்டு, நன்றாக இருக்கிறான் என்றேன். அடுத்த ஊசிக்கு ஏன் இன்னும் போகவில்லை என்று நீ கேட்டாய். மழைக்கு ரோட்டில் மண் சரிந்து வண்டி வரவில்லை என்றேன். ரோட்டில் ஒன்றும் சரியவில்லை கண்ணு. அவனுக்கு உடம்பு தேற வேண்டும் என்று ஊசியைத் தள்ளி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பயிற்சியைப் பாதியில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ ஓடிவருகிற பிள்ளை. நாமக்கல் விடுதிக்கு உன்னை அனுப்பிய நாளில் நான் பஸ்ஸடிக்கு வரவில்லை என்று ரொம்ப நாள் மனசில் வைத்திருந்தாய். நான் வந்திருந்தேன். சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால், மிளகுக் கொடி மறைவில் நின்றுகொண்டிருந்தேன். நீ ஜன்னலில் தலையை நீட்டித் தேடியதையெல்லாம் பார்த்தேன். என் முகம் தெரிந்திருந்தால் நீ பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்திருப்பாய், என்னாலும் திருப்பி ஏற்றிவிட முடிந்திருக்காது. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எழுதத் தெரிந்த பிறகுதான் இதெல்லாம் கைக்கு வருகிறது. இப்போதும் அதையேதான் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு ஓடி வராதே. இருக்கிற இடத்தில் இரு. ஓடிப் போய்க் கட்டிக்கொள்வதைவிட, எழுந்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமான வேலை என்பதை நான் இந்த வயதில் படித்தேன். நீ இளம் வயதிலேயே அதைப் படித்துக்கொண்டால் உனக்கு நல்லது. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு, பிள்ளைகள் என்று வந்தாலும் அது உதவும்.

ஆனால் குரங்குக்கு இதெல்லாம் தெரியுமா? வாசல் பலா பழுக்கத் தொடங்கிவிட்டது. அவை திரும்பி வரும், சரிவுகள் எல்லாம் கூவும், என் முறை வரும். கூண்டுக் கதவுக்கு இப்போது கம்பி கட்டியிருக்கிறேன், அவன் கழுத்தில் கயிறும் கட்டியிருக்கிறேன். இருந்தாலும் அந்தச் சத்தத்தில் அவன் உள்ளேயே எகிறினால் போதுமே. எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா கொண்டையை முடிந்துகொண்டு புறப்பட்டாள். சரிவில் இருக்கிற வீடு வீடாகப் போய், நெஞ்சுப் புழு கரைகிறவரை இந்தப் பக்கம் யாரும் கூவ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சடையன் வீட்டில், "கூவாம எப்புடிங்கக்கா? பலாவ பூராவும் தின்னுட்டுப் போயிருமே" என்றானாம். "தின்னுட்டுப் போவட்டும் விடு. அடுத்த வருசமும் மரம் காய்க்கும்" என்றாளாம் இவள். ஒரு பழத்தை அணில் கடித்தால்கூட மூன்று நாள் பேசுகிறவள் உன் அம்மா. அதனால்தானோ என்னவோ, எல்லோரும் சரி என்றார்கள். எதிர்க் கரடு மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவ்வளவு தூரம் அவளால் போக முடியவில்லை.

நேற்றுக் காலையில் குரங்குகள் வந்தன. பெரிய கூட்டம், குட்டிகளோடு. எதிர்க் கரட்டில்தான் முதலில் கண்டு கூவினார்கள். ஓடைக்கு அப்பாலிருந்து வந்ததால் சத்தம் தேய்ந்துதான் வந்தது. பிஸ்கட் காதைத் தூக்கினான். நான் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். கைக்குக் கீழே தடதடவென்று அடித்தது. அவனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. அடுத்துச் சடையன் கூவ வேண்டும். கூவவில்லை. அதற்கு மேல் வீடு கூவவில்லை. எதிர்க் கரட்டார் மறுபடி கூவினார்கள். இந்தப் பக்கம் ஒரு வாயும் திறக்கவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். சடையன் தன் நாய்களை வீட்டுக்குள் அடைத்துவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் கையில் பிடித்து, கோவணத்தோடு சத்தமில்லாமல் மேலும் கீழும் வீசிக்கொண்டு நின்றான். மேல் வீட்டுப் பெண்கள் முறத்தை ஆட்டினார்கள். குரங்குகள் கொஞ்ச நேரம் இவர்களை வேடிக்கை பார்த்தன. பிறகு நம் வாசல் பலாவில் வசதியாக உட்கார்ந்து பிளந்து தின்ன ஆரம்பித்தன. அந்த வாசனை உள்ளே வந்தது. எனக்குத் தொண்டையில் கூவல் வந்து வந்து முட்டியது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பிஸ்கட் என் முகத்தைப் பார்த்தான். நான் எழுந்திருக்கவில்லை என்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தலையை முன்னங்காலில் வைத்துக்கொண்டான். கைக்குக் கீழே அடித்தது மெல்ல மெல்ல இறங்கியது.

குரங்குகள் இன்னும் தின்றுகொண்டிருக்கும்போதே எதிர்க் கரட்டு வெள்ளையன், உனக்குச் சித்தப்பன் முறை, ஓடையைத் தாண்டி மூச்சு வாங்க வந்து நின்றான். தலையில் துண்டு கட்டி, தோளில் கடப்பாரை வைத்திருந்தான். ஒரு வீடு கூவாவிட்டால் ஒரு சாவு. சரிவு முழுக்கக் கூவவில்லையே, என்ன ஆயிற்றோ என்று குழி வெட்டத் தயாராகவே வந்துவிட்டான். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "ஏனுங்கண்ணி, ஆரு போயிட்டாங்க?" என்றான்.

"ஆரும் போவுலீங்க" என்றாள் உன் அம்மா.

"பொறவு ஏன் ஒருத்தருங்கூட கூவுல?"

"போயிரக் கூடாதுன்னுதானுங்க கூவுல."

வெள்ளையன் உள்ளே எட்டிப் பார்த்தான். கூண்டையும், அதற்குள் என் கையையும், வாயில் துண்டோடு உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தான். கடப்பாரையைத் தரையில் போட்டால் சத்தம் கேட்கும் என்று, ஓரத்தில் கிடந்த சாக்கின் மேல் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தினான். பிறகு அவனும் குந்திக்கொண்டு, குரங்குகள் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல சொளையாட்டம் தெரியுதுங்கண்ணா" என்று காதோடு சொன்னான்.

நாளை மறுநாள் காப்பகத்து வண்டி வருகிறது கண்ணு. அவனைக் கீழே கூட்டிப்போய்க் கடைசி ஊசிகளைப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். மறுபடியும் புழு சாகும், மறுபடியும் துண்டுகள் கிடக்கும், மறுபடியும் அவனுக்குத் தெம்பு வரும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயம் இல்லை என்று உனக்கு எழுத முடியாது. ஆனால் வண்டியில் அவனோடு நானும் போகிறேன், எல்லா வளைவிலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு. இந்தக் கடிதத்தை இத்தனை நேரம் எழுதியிருக்கிறேன், அவன் ஒரு தரம்கூட எழுந்திருக்கவில்லை. உன்னோடு இவ்வளவு பேசியிருக்கிறேன், அவன் காதுக்கு ஒரு சத்தமும் போகவில்லை. அடுத்த வாரம் இவனோடு திரும்பி வந்ததும், இதே முறத்தைக் கவிழ்த்து, இதே மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். அதில் 'ழு' கொஞ்சம் பெரிதாக இருந்தால் அவன் நன்றாக இருக்கிறான் என்று புரிந்துகொள்.

உன் அப்பா